சூனியம் நோயா, மருந்தா?

ஒரு நூற்றாண்டில் நஞ்சென்று ஒதுக்கப்பட்ட பொருள் மறு நூற்றாண்டில் மருந்தென்று விலை பேசப்படுவது அறிவுலகில் புதிதன்று. பௌத்தரின் சூனியக் கொள்கைக்கு மேனாட்டில் நேர்ந்தது இதுவே. பிரெஞ்சு அறிஞர் யூஜீன் பூர்னூஃப் 1844-ஆம் ஆண்டில் இந்திய பௌத்த வரலாற்றுக்கு முன்னுரையாக ஒரு பெருநூலை வெளியிட்டார். நேப்பாளத்திலிருந்து வந்த வடமொழிச் சுவடிகளை நேரே கற்று எழுதிய நூல் அது. அதனைப் படித்த ஐரோப்பியர் பலர் திடுக்கிட்டனர். படைத்தவன் இல்லை, நிலையான உயிர் இல்லை, விளக்கணைவது போன்ற நிர்வாணமே முடிந்த முடிபு. இப்படியும் ஒரு சமயம் இருக்கக்கூடுமா, அதனைக் கோடிக்கணக்கான மக்கள் பின்பற்றவும் கூடுமா என்று வியந்தனர், அஞ்சினர். விக்டர் கூசின் முதலியோர் பௌத்தத்தைப் பாழை வழிபடும் நெறி என்னும் கருத்துப்படவே எழுதிவைத்தனர். ரோஜே-போல் துரோவா என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1997-இல் வெளியிட்ட நூலொன்றில் இந்த அச்சத்தின் வரலாற்றை ஆராய்ந்து, அக்கால ஐரோப்பியர் பௌத்தம் என்னும் கண்ணாடியில் கண்டது தம் முகத்தையே என்று காட்டியிருக்கிறார். தம் வீடு தீப்பற்றிக்கொண்டிருக்க, புகை கீழ்த்திசையிலிருந்து வருகிறது என்று அவர்கள் எண்ணினார்கள் போலும்!

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. மேனாட்டுச் சிந்தனையைப் பற்றியுள்ள நிஹிலிசம் என்னும் இன்மைவாதத்துக்குப் பௌத்த சூனியமே தக்க மறுமொழி என்று கூறும் நூல்கள் பல வந்துவிட்டன. அவற்றுள் தலையாயது ஜப்பானிய அறிஞர் நிஷிதானி கெய்ஜி 1961-இல் வெளியிட்ட ‘மதம் என்பது யாது’ என்னும் நூல். 1982-இல் ‘மதமும் இன்மையும்’ என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலத்தில் வந்த பிறகு அது உலகப் புகழ் எய்தியது. நஞ்சு எவ்வாறு மருந்தாயிற்று? உண்மையிலேயே மருந்துதானா? ஆமெனின் எந்த அளவுக்கு? அந்த நூலை முன்வைத்தே இவற்றை ஆராய்வோம்.

நோயின் வரலாறு

நிஹிலிசம் என்னும் சொல்லைத் தத்துவ உலகில் பெயர்பெறச் செய்தவர் யாக்கோபி என்னும் ஜெர்மானியர். 1799-இல் ஃபிக்டேக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அவர் அச்சொல்லை ஒரு குற்றச்சாட்டாக எடுத்தாண்டார். எல்லாவற்றையும் ‘நான்’ என்ற ஒன்றிலிருந்தே வருவிக்க முயலும் தத்துவம், முடிவில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் என்பது அவர் எச்சரிக்கை. 1862-இல் ருஷிய நாவலாசிரியர் துர்கனேவ் தம் ‘தந்தையரும் மைந்தரும்’ என்ற கதையில் பசாரோவ் என்னும் இளைஞனைப் படைத்துவிட்டதும், அச்சொல் அறிஞரின் மேசையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது.

ஆனால் நோயின் நாடியைச் சரியாகப் பிடித்துப் பார்த்தவர் நீட்சேதான். 1882-இல் அவர் எழுதிய நூலொன்றில், பட்டப்பகலில் விளக்கேந்திச் சந்தைக்கு வந்து கடவுளைத் தேடும் பித்தன் ஒருவன் வருகிறான். கடவுள் இறந்துவிட்டார், நாமே அவரைக் கொன்றோம் என்று அவன் அலறுகிறான். இந்தக் காட்சியை எடுத்துப் பேசுவோர் பலர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. சந்தையில் நின்று பித்தனை எள்ளி நகையாடுவோர் பக்தர்கள் அல்லர்; அவர்களும் கடவுளை நம்பாதவர்களே. நம்பிக்கை போன பின்னும் நம்பிக்கையின் மேல் கட்டிய வீட்டில் கவலையின்றிக் குடியிருப்பவர்கள். அடித்தளம் போய்விட்டது என்பதை உணர்ந்தவன் அந்தப் பித்தன் ஒருவனே. ஆகவே நீட்சே கண்ட நிஹிலிசம் வெறும் நாத்திகமன்று. உலகுக்கு ஒரு நோக்கம் உண்டு, அறத்துக்கு ஒரு நிலைத்த ஆதாரம் உண்டு என்று பல நூற்றாண்டுகள் வாக்களிக்கப்பட்டு, அந்த வாக்குறுதி பொய்த்துப்போன பின் வரும் வறட்சி அது. இழந்தவனின் துயரம் என்று அதனைச் சொல்லலாம்.

நீட்சே பௌத்தத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார். 1888-இல் எழுதிய நூலில், கிறித்தவத்தை விடப் பௌத்தம் பன்மடங்கு உண்மைநோக்குடையது என்று புகழ்கிறார். ஆயினும் அதனையும் களைத்துப்போன நாகரிகத்தின் சமயம் என்ற வகையிலேயே அடக்குகிறார். ஐரோப்பாவிலும் ஒருவகைப் பௌத்தம் பரவிவிடுமோ என்பது அவர் கவலை. அவருக்குக் கிடைத்த பௌத்தம் ஷோப்பன்ஹவர் வழியாகவும் அக்கால ஜெர்மன் ஆராய்ச்சி நூல்கள் வழியாகவும் வந்தது. நாகார்ச்சுனரின் வாதங்களை அவர் நேரே அறிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பது சுவையான கேள்வி.

கியோட்டோவின் மறுமொழி

நிஷிதானி 1900-இல் பிறந்து 1990-இல் மறைந்தவர். சிறுவயதிலேயே தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். தாமும் அத்தகைய நோயால் துன்புற்றார். இளமையில் அவர் விரும்பிப் படித்தவை நீட்சேயும் தாஸ்தயேவ்ஸ்கியும். கியோட்டோவில் நிஷிதா கிதாரோவின் மாணவரானார். 1937 முதல் 1939 வரை ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஹைடெக்கரிடம் பயின்றார். ஹைடெக்கர் நீட்சேயைப் பற்றி விரிவுரை நிகழ்த்திய காலம் அது. இன்னொரு பக்கம் ஜென் மடத்தில் தியானப் பயிற்சியும் செய்தார். ஆகவே இவர் நிஹிலிசத்தைப் பற்றி எழுதும்போது அயலார் நோயைத் தூர நின்று வருணிப்பவராகத் தோன்றவில்லை. தத்துவத்துக்குத் தம்மைத் தள்ளியதே அந்த வெறுமைதான் என்று அவரே கூறியிருக்கிறார்.

1949-இல் அவர் ‘நிஹிலிசம்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அதில் ஜப்பானைப் பற்றி அவர் சொன்னது ஆசிய நாட்டார் யாவரும் சிந்திக்கத் தக்கது. ஐரோப்பியர் தம் ஆன்மிக அடித்தளத்தை இழந்தனர். இழந்ததை உணர்ந்து போராடவும் செய்தனர். ஜப்பானியரோ மெய்ஜி காலம் முதல் ஐரோப்பாவின் பொறிகளையும் சட்டங்களையும் கல்லூரிகளையும் இறக்குமதி செய்தனர். அவற்றுக்கு உயிர்கொடுத்த ஆன்மாவை இறக்குமதி செய்ய இயலவில்லை. தம் பழைய ஆன்மாவையும் கைவிட்டனர். விளைவு, உள்ளே வெறுமை இருக்கிறது; வெறுமை இருப்பதாக உணர்ச்சி மட்டும் இல்லை. இதுவே பெரிய ஆபத்து என்கிறார் அவர். சந்தையில் சிரித்தவர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1961-இன் நூலில் அவர் மருந்தைக் கூறுகிறார். மனிதன் நிற்கக்கூடிய தளங்கள் மூன்று என்பது அதன் சாரம். முதலாவது, நாம் அன்றாடம் வாழும் அறிவின் தளம். இங்கே நான் ஒருபுறம், பொருள்கள் மறுபுறம். பொருள்கள் எனக்குப் பயன்படுகின்றன. எல்லாம் சீராக நடக்கிறது. மரணமோ பேரிழப்போ வரும்போது இந்தத் தளம் காலடியில் பிளந்துகொள்கிறது. நான் எதற்காக இருக்கிறேன் என்ற கேள்வி எழுகிறது. இதுகாறும் எல்லாம் எனக்கு எவ்வாறு பயன்படும் என்று கேட்டவன், நான் எதற்குப் பயன் என்று கேட்கத் தொடங்குகிறான். அப்போது திறப்பது இரண்டாம் தளமாகிய வெறும் பாழ். மேனாட்டு நிஹிலிசம் வந்து நின்றது இவ்விடத்தில்தான்.

பெரும்பாலோர் இங்கிருந்து பின்வாங்கிப் பழைய நம்பிக்கைக்கே ஓடப் பார்ப்பர். நிஷிதானி அதற்கு இணங்கவில்லை. பின்னோக்கிச் செல்ல வழியில்லை. பாழின் ஊடே மேலும் செல்லவேண்டும் என்கிறார். ஜென் நெறியார் ‘பேரையம்’ என்று கூறும் நிலை இது. நான் ஐயுறுகிறேன் என்ற நிலை மாறி, நானே ஐயமாகிவிடும் நிலை. பாழைக்கூட எதிரே நிற்கும் ஒரு பொருளாக நாம் பிடித்து வைத்திருக்கிறோம் அல்லவா? அந்தப் பிடியும் நழுவும்போது திறப்பதே மூன்றாம் தளம், அதுவே சூனியம். பாழ் பொருள்களை விழுங்குவது. சூனியமோ ஒவ்வொரு பொருளும் தன் இயல்பான இடத்தில் மீண்டும் தோன்ற இடந்தருவது. இவ்வகையில் சார்த்தரையும் நீட்சேயையும் அவர் மதிப்பிடுகிறார். சார்த்தர் இன்மையைக் கண்டார். ஆனால் அதன்மேல் தன் ‘நான்’ என்பதை ஊன்றி நிறுத்திக்கொண்டார். நீட்சே இன்னும் நெடுந்தூரம் வந்தார். ஆயினும் ‘விழைவு’ என்ற ஒன்றைக் கடைசிவரை விடவில்லை. இந்த மதிப்பீடு நீட்சேயை முழுதும் கற்றவர் கூறுவது என்பதனால் எளிதில் தள்ளத்தக்கதன்று.

நூலில் மனத்தை விட்டு அகலாத ஒரு பகுதி உண்டு. புகைப்படத்தில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் பதிந்துவிடுவதுபோல, உயிரையும் சாவையும் ஒருசேரக் காணவேண்டும் என்கிறார். தோக்கியோவின் கின்சா கடைத்தெருவில் மக்கள் சிரித்துப் பேசி நடப்பதைக் காணும்போதே, அதனைப் புல் மண்டிய மண்டையோட்டு வெளியாகவும் காணல் வேண்டும். இரண்டும் உண்மை, ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. எலியட் என்னும் ஆங்கிலக் கவிஞர் லண்டன் பாலத்தில் கண்ட கூட்டத்தையும் ஜப்பானியக் கவிஞர் பாஷோவையும் அவர் இங்கே சேர்த்து நினைக்கிறார். நிலையாமையைப் பாடிய நம் புலவர்களைப் பயின்றவர்க்கு இந்தப் பார்வை புதிதாகத் தோன்றாது. ஆனால் நம் புலவர் பலர் மண்டையோட்டைக் காட்டிக் கடைத்தெருவை வெறுக்கச் சொன்னார்கள். நிஷிதானி வெறுக்கச் சொல்லவில்லை. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

‘இல்லை’ என்பதா சூனியம்?

இனி, இந்த மருந்தின் மூலத்தைப் பார்ப்போம். தமிழ்ப் பேச்சு வழக்கில் சூனியம் என்றதும் யாரோ யாருக்கோ ‘வைத்தது’ என்ற எண்ணமே முந்திக்கொண்டு வரும். ஒரு தத்துவச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய வீழ்ச்சி வேண்டியதில்லை! புலமை உலகிலும் அச்சொல்லுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், பௌத்தர் நால்வருள் ஒருவனாக மாத்தியமிகன் வருகிறான். பொருளும் இல்லை, அதனை அறியும் அறிவும் இல்லை என்பவனாக அவன் காட்டப்பட்டு மறுக்கப்படுகிறான். சைவ ஆசிரியரும் பின்னாளில் வந்த ஐரோப்பியரும் இந்த ஒன்றில் உடன்பட்டனர்: சூனியம் என்றால் இல்லை என்பது.

மாத்தியமிகத்தை நிறுவிய நாகார்ச்சுனர் இந்தக் குற்றச்சாட்டை முன்பே எதிர்கொண்டவர். அவருடைய ‘மூலமத்தியமக காரிகை’யின் இருபத்துநான்காம் இயலில் எதிர்வாதி ஒருவன் இதனையே கேட்கிறான். எல்லாம் சூனியமெனில் நால்வகை வாய்மை இல்லை, புத்தர் இல்லை, நல்வினை தீவினை இல்லை என்றாகாதோ? நாகார்ச்சுனரின் விடை வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. பொருள்கள் சூனியமாக இராமல் தமக்கென மாறாத தன்னியல்பு உடையனவாக இருந்தால்தான் எதுவும் நடவாது. துன்பம் தோன்றவும் முடியாது, தீரவும் முடியாது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதையே யாம் சூனியம் என்கிறோம் என்கிறார். ருஷிய அறிஞர் ஷெர்பாட்ஸ்கி 1927-இல் இச்சொல்லை ‘சார்புடைமை’ எனும் பொருளில் மொழிபெயர்த்தது இதனால்தான். காசிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டி. ஆர். வி. மூர்த்தி 1955-இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலும் சூனியத்தை இன்மைவாதமாகக் கொள்வது தவறு என்பது வற்புறுத்தப்படுகிறது. (மூர்த்தியவர்கள் அதனை வேதாந்தத்தின் பரம்பொருளுக்கு மிக அருகில் கொண்டுவந்துவிட்டார் என்ற குறை பிற்கால ஆராய்ச்சியாளருக்கு உண்டு. அது வேறு வழக்கு.)

மலாயாவில் வாழ்ந்த பழைய தலைமுறைக்கு இதனை விளக்க எளிய சான்று ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு புழங்கியது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறுங் காகிதமாயிற்று. அந்த நோட்டின் மதிப்பு காகிதத்துக்குள் இருந்ததன்று. ஆட்சி, படை, சந்தை, மக்களின் நம்பிக்கை அல்லது அச்சம் ஆகியவற்றைச் சார்ந்து இருந்தது. சார்புகள் விலகின, மதிப்பும் விலகிற்று. மதிப்பு நோட்டிலேயே என்றும் குடிகொண்டிருக்கிறது என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்தவனைப் பௌத்தர் நித்தியவாதி என்பர். ஏமாந்தபின், எந்தக் காசுக்குமே மதிப்பில்லை, எல்லாம் காகிதம் என்று கையிலிருந்த நல்ல நோட்டையும் கிழித்தெறிபவன் உச்சேதவாதி. மேனாட்டு நிஹிலிஸ்டு இந்த இரண்டாமவனே. கூர்ந்து நோக்கின் அவன் முதலாமவனின் கொள்கையை விடவில்லை என்பது புலனாகும். மதிப்பென்றால் அது சார்பற்று என்றும் நிலைத்திருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றே. ஒருவன் அப்படிப்பட்டது உண்டு என்கிறான். மற்றவன் அப்படிப்பட்டது இல்லை, ஆகவே ஒன்றுமே இல்லை என்கிறான்.

சூனியக் கொள்கை மேனாட்டு நோய்க்கு மறுமொழியாவது இந்த இடத்தில்தான் என்பது எம் கருத்து. போன கடவுளின் இடத்தில் அது வேறொன்றைக் கொண்டுவந்து நிரப்புவதில்லை. அவ்விடம் காலியானது பேரிழப்பு என்று கணக்கிட்ட அளவுகோலையே அது கேள்வி கேட்கிறது. என்றும் நிலையாதது மதிப்பற்றது என்று உனக்கு யார் சொன்னது என்கிறது. குழந்தையின் சிரிப்பு ஆயிரம் சார்புகளால் தோன்றி மறைவது; அதனால் அது குறைந்ததா? நிஷிதானியின் நூலில் இந்த மறுமொழி நன்கு அமைந்திருக்கிறது. அவ்வளவில் அந்நூல் கொண்டாடத்தக்கதே.

ஆயினும் நோய்கள் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. நாகார்ச்சுனர் வாதிட்டது கடவுளை இழந்து தவித்தவனோடு அன்று. பொருள்களுக்குத் தன்னியல்பு உண்டென்று உறுதியாக நம்பிய பண்டிதனோடு. நம்பிக்கை மிகுந்தவனுக்குக் கொடுத்த மருந்தை நம்பிக்கை வற்றியவனுக்குக் கொடுக்கும்போது பக்குவம் மாறவேண்டும். நிஷிதானி இதனை உணர்ந்தே ஹைடெக்கரின் மொழியில் மருந்தைக் குழைத்துக் கொடுத்தார். குழைத்தபோது மூலிகையில் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்று என்பதே எம் குறை.

தீயும் விறகும்

நிஷிதானி பல இடங்களில் எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. தீ எரிக்கும் இயல்புடையது. ஆனால் தீ தன்னையே எரிப்பதில்லை. கண் காணும், ஆனால் தன்னைக் காணாது. ஆகவே எரித்தல் என்ற இயல்பின் வேரில் எரியாமை இருக்கிறது. தீ தீயாக நிற்பது அந்த எரியாமையில்தான். ஒவ்வொரு பொருளின் ஆழத்திலும் இவ்வாறு தன்னியல்பின்மை உள்ளது; அதுவே அதன் உண்மை இயல்பு. அழகான உவமை என்பதில் ஐயமில்லை. விறகைப் பற்றியும் அவர் பேசாமல் இல்லை. ஆனால் அவர் சிந்தனை சென்று தங்குவது தீயின் உள்ளத்தில். விறகின் நிலையில் அன்று.

நாகார்ச்சுனரிடமும் தீ உண்டு. காரிகையின் பத்தாம் இயல் முழுதும் தீயையும் விறகையும் பற்றிய ஆராய்ச்சியே. தீயும் விறகும் ஒன்றா? ஒன்றெனின் எரிப்பவனும் எரிபடுவதும் ஒன்றாகிவிடும். வேறா? வேறெனின் விறகின்றியே தீ எரியவேண்டும். இரண்டும் ஆகா, ஒன்றையொன்று சார்ந்தே இரண்டும் பெயர்பெறுகின்றன. இங்கே விறகை விட்டுவிட்டுத் தீயைப் பற்றிப் பேச வழியே இல்லை. எரிப்பது எது, எரிபடுவது எது என்ற கேள்வி முதல் வரியிலிருந்து கூடவே வருகிறது.

இதனை உவமை நயம் பற்றிய சிறு பூசல் என்று ஒதுக்க இயலாதபடி வரலாறு குறுக்கே நிற்கிறது. 1941 நவம்பர் 26-ஆம் நாள் நிஷிதானி உட்பட கியோட்டோ அறிஞர் நால்வர் கூடி, உலக வரலாற்றில் ஜப்பானின் நிலை குறித்து உரையாடினர். அந்த உரையாடல் ‘சூவோ கோரோன்’ என்னும் இதழில் 1942 ஜனவரியில் அச்சேறியது. ஜப்பானின் உலகக் கடமை, அதற்குரிய அறவலிமை என்றெல்லாம் அவர்கள் பேசினர். அந்த ஜனவரி 11-ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் புகுந்தது; பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ‘நவீனத்தைக் கடத்தல்’ என்ற பெயரில் தோக்கியோவில் நடந்த கருத்தரங்கில், நிஷிதானி ‘நான்’ என்பதை அழித்து நிற்கும் இன்மையைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். அந்தத் தன்னழிப்பு, நாட்டுக்காகத் தன்னலம் விட்டு உழைப்பதில் நிறைவெய்தும் என்று அதில் வாதிட்டார். அதே 1942-இலும் மறு ஆண்டிலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. கியோட்டோவில் தன்னை எரிக்காத தீயைப் பற்றிப் பேசிய காலத்தில் விறகாயிருந்தவர்கள் யார் என்பதை இந்த மண்ணில் வாழ்வோர் நினையாமல் அந்நூலைப் படிப்பது இயலாது.

நியாயமும் பேசவேண்டும். நிஷிதானி படைத்தலைவர்களின் கூலி எழுத்தாளர் அல்லர். போர்க்காலத்தில் தீவிர தேசியவாதிகளே கியோட்டோ அறிஞரைத் தாக்கினர். போருக்குப் பின் நேச நாட்டு ஆட்சியினர் அவரைப் பல்கலைக்கழகப் பணியினின்று விலக்கினர்; 1952-இல்தான் திரும்பி வந்தார். 1961-இன் நூலில் நாட்டுக்காகத் தன்னை அழித்தல் என்ற பேச்சு இல்லை. தனிமனிதரின் பழைய பேச்சை எடுத்துவைத்து ஒரு தத்துவத்தைத் தள்ளிவிடுவது திறனாய்வும் ஆகாது. நாம் கேட்பது வேறு. ‘நான்’ என்பதை அழித்த இடத்தில் ‘நாடு’ என்பது வந்து அமர முயன்றபோது, சூனியம் ஏன் அதனைத் தடுக்கவில்லை? நாடும் சார்பினால் தோன்றியது, அதற்கும் தன்னியல்பு இல்லை என்று ஒரு மாத்தியமிகன் உடனே சொல்லியிருக்கவேண்டுமே? ஜென் நெறியைச் சேர்ந்த அறிஞர் இச்சிகாவா ஹாகுகென் 1970-இல் பௌத்தரின் போர்க்காலப் பொறுப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆகவே இந்தக் கேள்வி வெளியாரின் பழிச்சொல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

எமக்குத் தோன்றும் காரணம் இது. நாகார்ச்சுனரிடம் வாய்மை இரண்டு. ஒன்று முடிந்த முடிபு. மற்றது உலக வழக்கு. உலக வழக்கைப் பற்றுக்கோடாகக் கொள்ளாமல் முடிந்த முடிபைக் கற்பிக்க இயலாது என்பது அவர் துணிபு. உலக வழக்கு என்பது ஏதோ அறியாதார்க்கு விட்டுக்கொடுத்த சலுகையன்று. யார் பசித்தவன், யார் அடிபட்டவன், யார் அடித்தவன் என்ற செய்திகள் வாழும் இடம் அது. அவர் ஓர் அரசனுக்கு எழுதியதாகப் பௌத்த மரபு கூறும் ‘இரத்தினாவளி’ என்னும் நூலில் சூனியமும் வருகிறது; அதே நூலில் நோயாளிகளையும் ஆதரவற்றோரையும் காத்தல், வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் தருதல் முதலியனவும் வருகின்றன. சிறையிலுள்ளோர் விடுதலையாகும் வரையில் அவர்களுக்கு உணவு, மருந்து, உடை, குளிக்க நீர், நாவிதர் என்பன குறைவின்றி இருக்கவேண்டும் என்று கூறும் அளவுக்கு அது இறங்கிப் பேசுகிறது. நாவிதரைப் பற்றிக் கவலைப்படும் சூனியவாதியைப் பூர்னூஃபின் வாசகர்கள் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்!

தமிழில் இதற்கு ஒரு துணை உண்டு. மணிமேகலை மாத்தியமிக நூலன்று. ஆயினும் பௌத்தத்தின் சார்புக் கொள்கையை விரித்துரைக்கும் தமிழ்க் காப்பியம் அது. அறவண அடிகள் பன்னிரு சார்புகளை மணிமேகலைக்கு அறிவுறுத்துவது முப்பதாம் காதையில். அதாவது காப்பியத்தின் கடைசியில். அதற்கு நெடுநாள் முன்பே அவள் அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டாள். மன்னனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். சாத்தனார் வரிசையை மாற்றிவைத்திருக்கலாம். தத்துவத்தை முதலில் கூறி அறத்தை அதன் பயனாகக் காட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நிஷிதானியின் நூலில் இந்த வரிசை வேறு: பாழைக் கடந்து சூனியத்தை அடைந்தபின் அன்பு தானே ஊறும் என்பது அவர் நம்பிக்கை. எல்லாப் பொருளும் ஒன்றுக்கொன்று ஆண்டானாகவும் அடிமையாகவும் நிற்கும் நிலையை அவர் உயர்வாக எழுதுகிறார். ஆனால் ஒருசாரார் என்றும் ஆண்டானாகவும் ஒருசாரார் என்றும் அடிமையாகவும் இருக்கும் உலகில் நின்று அதனைப் படிப்பவனுக்கு, இடையில் ஒரு படி குறைகிறது.

அந்நூலின் இறுதி இயல் சூனியத்தையும் வரலாற்றையும் பற்றியது. அதில் அவர் எடுத்துக்காட்டுவது ஒரு ஜென் துறவியை மட்டுமன்று; கிறித்தவ ஞானியாகிய அசிசி நகரத்துப் பிரான்சிசையும்கூட. கண்ணோய்க்காக மருத்துவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடவந்தபோது, பிரான்சிஸ் அந்தத் தீயைச் சகோதரனே என்று விளித்து வரவேற்ற வரலாறு அது. தீயும் சுடப்படுபவனும் பகையின்றி நிற்கும் அந்த நிலையில் நிஷிதானி தம் கருத்துக்கு நிறைவான உருவத்தைக் கண்டார். மிக உயர்ந்த சான்றுதான். ஆனால் அங்கே சுடப்பட்டது பிரான்சிசின் சொந்த உடல். பிரான்சிசின் சரிதை எழுதியோர் இன்னொரு செய்தியையும் குறித்து வைத்திருக்கின்றனர்: உடனிருந்த துறவியர், பிறர் சுடப்படுவதைக் காணச் சகியாமல் அறையை விட்டு ஓடிவிட்டனர். நிஷிதானியின் ஆராய்ச்சி பிரான்சிசோடு நின்றுவிடுகிறது. வெளியே ஓடியவர்களின் உள்ளத்தில் என்ன நேர்ந்தது என்றும் அவர் கேட்டிருந்தால், அந்த இயலுக்கு இன்னும் பல பக்கங்கள் தேவைப்பட்டிருக்கும்.